மோதல் விசைக் கணக்கில் விட்டுப்போன 20 நியூட்டன்

2 கிலோகிராம் இரும்புக் குண்டு 5 மீட்டர் உயரத்திலிருந்து மணலில் விழுந்து, 5 சென்டிமீட்டர் புதைந்து நிற்கிறது. மணல் கொடுத்த சராசரித் தடை விசை எவ்வளவு?

ஒரு மாதிரித் தேர்வில் இந்தக் கணக்குக்குத் திசைவேகம், எதிர்முடுக்கம், அப்புறம் விசை என்று ஒன்றரைப் பக்கம் எழுதி 2000 நியூட்டன் என்று முடித்தேன். சரியான விடை 2020. அந்த 20 எங்கே போனது என்று தேடியபோதுதான் ஆற்றல் மாறா விதி எனக்கு உண்மையில் பிடிபட்டது.

குண்டு தொடக்கத்திலும் ஓய்வில் இருக்கிறது, முடிவிலும் ஓய்வில் இருக்கிறது. நடுவில் அதன் வேகம் என்னவாக இருந்தாலும் நமக்குத் தேவையில்லை. மொத்தம் இறங்கியது 5.05 மீட்டர். புவிஈர்ப்பு முடுக்கத்தை 10 என்று வைத்தால், இழந்த நிலை ஆற்றல் 2 × 10 × 5.05 = 101 ஜூல். இது முழுவதையும் மணல்தான் வாங்கிக்கொண்டது. 101-ஐ 0.05-ஆல் வகுத்தால் 2020. மூன்றே வரி!

புதையும்போதும் புவி குண்டை இழுத்துக்கொண்டேதான் இருக்கிறது. நான் கண்டுபிடித்த 2000 நியூட்டன் தொகுபயன் விசை, அதாவது மணலின் விசையிலிருந்து எடையைக் கழித்தபின் மிஞ்சுவது. அதோடு குண்டின் எடையான 20 நியூட்டனைக் கூட்டினால்தான் மணலின் விசை. உயரத்தோடு புதைந்த ஆழத்தையும் சேர்த்து எழுதிவிட்டால் அந்த எடை தானாகவே உள்ளே வந்துவிடும்.

பொதுவாக, நின்ற தூரம் கொடுத்திருந்தால் ஆற்றல் வழி, நேரம் கொடுத்திருந்தால் உந்த (நிறை × திசைவேகம்) வழி என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஓர் இடத்தில் கட்டாயம் நிதானிக்க வேண்டும். எடைக்கட்டி ஒரு முளையின் மேல் விழுந்து, இரண்டும் சேர்ந்து தரைக்குள் இறங்கும் கணக்கில், மேலிருந்து கீழ்வரை ஒரே சமன்பாடாக எழுதினால் விடை தவறும். சேர்ந்து நகரும் அந்த மோதலில் இயக்க ஆற்றல் குறைகிறது. உந்தம்தான் மாறாமல் இருக்கிறது. கட்டி 3 கிலோ, முளை 1 கிலோ என்றால் மோதலுக்குப் பின் மிஞ்சுவது முக்கால் பங்கு இயக்க ஆற்றல்தான். மீதிக் கால் பங்கு வெப்பமாகவும் ஒலியாகவும் உருக்குலைவாகவும் போய்விடும். எனவே விழும்வரை ஆற்றல், மோதும் கணத்தில் உந்தம், இறங்கும்போது மறுபடி ஆற்றல் என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்.

கேள்வியில் 'சராசரி' என்ற சொல் இருக்கிறதா என்றும் பாருங்கள். மணலுக்குப் பதில் சுருள்வில் இருந்தால் விசை பூஜ்யத்திலிருந்து சீராக ஏறும்; அங்கே பெரும விசை, தூரத்தை வைத்துக் கண்ட சராசரியைப் போல இரண்டு மடங்கு.