கட்டில் கணக்கு

"குடும்பமா? வேண்டாங்க. படிக்கிற பிள்ளைகள் இருந்தால் சொல்லுங்கள்" என்றார் வீட்டுக்காரர்.

கோவையில் கேட்டுப் பழகியதற்கு நேர் எதிர்.

பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டில், வாடகைக்காக இன்று பார்த்த மூன்று படுக்கையறை வீடு. கூடத்திலும் இரும்புக் கட்டில்கள். ஒவ்வொரு கட்டிலுக்கு மேலும் சுவரில் பெயிண்டால் எழுதிய எண், துணி மாட்ட ஓர் ஆணி, ஒரு பிளக். பூஜையறையில் 9ஆம் எண்! அங்கே படுக்கும் பையன் காலை எங்கே நீட்டுவான் என்று மனைவி கேட்டாள். வீட்டுக்காரர் காதில் வாங்கவில்லை.

ஆளுக்கு 3,500 ரூபாய். ஒன்பது பேருக்கு 31,500. அதில் பாதிதான் எங்கள் எல்லை.

2015இல் பாலக்காட்டுக்கு ஐஐடி வந்தபோது மகிழ்ந்தவன் நான். பிள்ளைகள் மேல் கோபமில்லை. ஆனால் கல்லூரிக்கு வருபவர்களும் தொழிற்பேட்டைக்கு வருபவர்களும் தேடுவது இதே வீடுகளைத்தான். தலைக்கு இவ்வளவு என்று வாங்கிப் பழகியவருக்கு வயதான அம்மாவும் குழந்தைகளும் வெறும் நஷ்டம்.

கிடைத்தாலும் ஒப்பந்தம் 11 மாதம்தான். ஓராண்டைத் தாண்டினால் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிய வேண்டுமே, அந்தச் செலவு யாருக்குப் பிடிக்கும்?

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வாடகை குறைவு என்கிறார்கள். 15,000க்குள் பெரிய வீடு தெரிந்தால் சொல்லுங்கள். கிணறு இருந்தால் இன்னும் நல்லது.