8.41 மீட்டர் பார்க்க 1,200 கிலோமீட்டர்

தாண்டல் செல்லும் என்று நடுவர் தூக்கிக் காட்டிய அந்த வெள்ளைக் கொடி இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. ஜூன் 18, ஞாயிற்றுக்கிழமை, புவனேஸ்வர் கலிங்கா ஸ்டேடியம், நீளம் தாண்டுதல் தகுதிச் சுற்று. கேரள வீரர் முரளி ஸ்ரீசங்கர் 8.41 மீட்டர் தாண்டியதை நேரில் பார்த்தேன்! எப்படிப் போனேன், எங்கே தங்கினேன் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இதைச் சொல்லாமல் மற்றது எதுவும் வர மாட்டேன் என்கிறது.

சரி, முதலிலிருந்து. 62ஆவது தேசிய மாநிலங்களுக்கிடையிலான சீனியர் தடகளப் போட்டி, 2023 ஜூன் 15 முதல் 19 வரை. நான் கிளம்பியது இன்னொரு நீளம் தாண்டும் வீரரான ஜெஸ்வின் ஆல்ட்ரினுக்காக. அவருக்குத் தூத்துக்குடி மாவட்டத்து முதலூர், எனக்குச் சொந்த ஊர் பக்கத்திலேயே சாத்தான்குளம். மஸ்கோத்து அல்வாவுக்குப் பேர்போன ஊரிலிருந்து வந்த பையன், மார்ச் 2ஆம் தேதி கர்நாடகத்தில் 8.42 மீட்டர் தாண்டி தேசிய சாதனையைத் தன் பேருக்கு மாற்றிக்கொண்டார். அவரும் ஸ்ரீசங்கரும் ஒரே மணல் குழியில் இறங்குகிறார்கள் என்றால் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியுமா?

சென்னையிலிருந்து ரயில், கோரமண்டல் எக்ஸ்பிரஸ். பேரைக் கேட்டதுமே அம்மா வேண்டாம் என்றார். அதே ரயில் சிக்கிய பாலசோர் விபத்து நடந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. புவனேஸ்வர் பாலசோருக்கு முன்னாலேயே வந்துவிடும் என்று சொன்னாலும் அவர் மனசு கேட்கவில்லை. ஒவ்வொரு பெரிய ஸ்டேஷனிலும் போன் செய்தேன். பெட்டியில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் வண்டி திடீரென்று வேகம் குறைந்தபோதெல்லாம் எல்லோரும் ஜன்னல் பக்கம் எட்டிப் பார்த்தோம்.

நள்ளிரவு தாண்டி இறங்கினேன். ஸ்டேஷனிலிருந்து லாட்ஜ் இருந்த நயாபள்ளி பக்கம் நாலைந்து கிலோமீட்டர்தான். ஆட்டோக்காரர் 400 ரூபாய் என்றார். பேரம் பேசி 300க்கு வந்தது. ஏறி உட்கார்ந்து லாட்ஜ் வாசலில் இறங்கியபின், "லக்கேஜுக்கு 50" என்று தனியாகக் கேட்டார். ஒரே ஒரு தோள் பை! அந்த நேரத்தில் நடுத்தெருவில் சண்டை போடத் தெம்பில்லாமல் கொடுத்துவிட்டேன். இன்னும் வயிறு எரிகிறது. பகலில் போகிறவர்கள் நகரப் பேருந்தில் ஏறிவிடுங்கள். அப்போது அதற்கு 'மோ பஸ்' என்று பேர். மோ என்றால் ஒடியாவில் 'என்'. அடுத்த இரண்டு நாளும் அந்த பஸ்தான் என் பட்ஜெட்டைக் காப்பாற்றியது.

வெயிலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். 40 டிகிரி. சென்னைக்காரனுக்கே தலை சுற்றியது. சனிக்கிழமை மத்தியானம் வாடிப்போய் ஒரு சின்ன சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தேன். அங்கிருந்த அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே பகாளா கொண்டுவந்து வைத்தார். நம்ம பழைய சோறேதான்! நீராகாரத்தோடு குளுகுளுவென்று, தயிர் கலந்து, கறிவேப்பிலை மிதக்க. தொட்டுக்கொள்ள படி சூரா: உளுந்து வடகத்தை வறுத்து, பூண்டு, வெங்காயம், பச்சை மிளகாயோடு நொறுக்கியது. கூடவே கீரைப் பொரியலும் ஒரு துண்டு வறுத்த மீனும். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். 120 ரூபாய். இந்தப் பயணத்தில் மனசார கொடுத்த காசு அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை குழிக்கு நேராக இடம் பிடித்துவிட்டேன். அதற்கு முட்டி மோத வேண்டியதே இல்லை. என்னைச் சுற்றி இருந்தவர்களில் பாதிப் பேர் பயிற்சியாளர்கள், மற்ற போட்டிகளுக்கு வந்த வீரர்கள். ஐபிஎல்லுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்து வரிசையில் நிற்கிறோம். இங்கே உலகத் தரத்தில் தாண்டுகிறவர்களைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம், ஆனால் வர ஆளில்லை. எனக்கு இது தாங்கவே இல்லை.

ஸ்ரீசங்கர் ஓடி வந்தார். பலகையில் கால் விழுந்த சத்தம் 'டப்'பென்று என் இருக்கை வரை கேட்டது. காற்றில் கால்கள் நடந்தன. மணல் சிதறியது. வெள்ளைக் கொடி. அளந்து எண் வருவதற்குள் பக்கத்திலிருந்த மலையாளிப் பையன் என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். 8.41! பின்னாலிருந்து தள்ளும் காற்றின் வேகமும் விதி அனுமதிக்கும் அளவுக்குள்தான். புடாபெஸ்ட் உலகப் போட்டிக்குத் தகுதி 8.25, அதைத் தாண்டி எங்கோ போய்விட்டார். ஜெஸ்வினின் சாதனைக்கு ஒரே ஒரு சென்டிமீட்டர் குறைவு. நம்ம ஊர்ப் பையனின் சாதனை தப்பியதில் நிம்மதிதான், ஆனால் அந்தத் தாண்டலுக்கு எழுந்து நின்று கை வலிக்கத் தட்டினேன். ஜெஸ்வினும் இறுதிச் சுற்றுக்குள் வந்துவிட்டார். ரயிலுக்குக் கொண்டுபோயிருந்த மஸ்கோத்து அல்வாவில் மிச்சமிருந்ததை அந்த மலையாளிப் பையனுக்குக் கொடுத்தேன். தேங்காய்ப்பால் வாசனை அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

அன்று ராத்திரியே திரும்ப ரயில். செவ்வாய்க்கிழமை ஆபீஸ், அதற்குமேல் லீவு கிடையாது. திங்கள்கிழமை வீட்டுக்கு வந்து, குளித்துவிட்டுப் போனைத் திறந்தால், தஜிந்தர்பால் சிங் தூர் குண்டெறிதலில் 21.77 மீட்டர்! 2021இல் பாட்டியாலாவில் அவரே எறிந்த 21.49ஐ உடைத்து, புது ஆசிய சாதனை. அதே ஸ்டேடியம். நான் கிளம்பி வந்த மறுநாள். இனிமேல் கடைசி நாள் முடியாமல் திரும்பி வர டிக்கெட் எடுக்கவே மாட்டேன்.