கணுக்காலிலிருந்து தோளுக்கு

14 வருடங்கள் சம்மணமிட்டு வயலினில் கர்நாடக இசை வாசித்தவன் நான். வயலினின் தலைப்பக்கச் சுருள்முனை வலது கணுக்காலில் ஊன்றியிருக்கும். மறுமுனை நெஞ்சோடு ஒட்டியிருக்கும். வாத்தியத்தைத் தாங்கும் வேலை இடக்கைக்கு இல்லாததால்தான் சுரங்களை அசைத்து இழைக்கும் கமகம் தாராளமாக வழுக்கி ஓடுகிறது. திருகோணமலையை அடுத்த நிலாவெளிக் கடற்கரையில் ஒரு விடுதியில், கிற்றார் கலைஞர் ஒருவருடன் உல்லாசப் பயணிகளுக்கு வாசிக்க அழைத்தவர்கள் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள். தோளில் வைத்ததும் கை பயந்துவிட்டது. மேலிருந்து கீழே விரல் வழுக்கி இறங்கும் ஒவ்வொரு ஜாருவிலும் வயலின் நழுவிவிடுமோ என்ற திகில். பத்திரகாளி அம்பாள் கோயில் திருவிழாவில் கூசாமல் வாசித்த அதே கை! வீட்டுச் சுவரில் சுருள்முனையை முட்டுக்கொடுத்து மூன்று மாதம் பழகினேன்.

அதைவிடக் கடினமாக இருந்தது தோடி ராகம். அதன் மூன்றாவது சுரமான காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது. பக்கத்துச் சுரங்களான ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே ஊசலாடும். அந்த ஊசலாட்டம்தான் காந்தாரம். கிற்றார் மூன்று சுரங்களைச் சேர்த்து மீட்டியதும் என் காந்தாரம் சுருதி விலகியதுபோல் கேட்டது. இருவரிடமும் பிழையில்லை. கீரவாணி ராகத்துக்கு மாறினோம், மேற்கத்தியர் ஹார்மோனிக் மைனர் என்பதும் அதே ஏழு சுரங்கள்தான். அங்கேதான் ஒரு சுரத்தை அசைக்காமல் நீட்டக் கற்றேன். வில்லின் அழுத்தம் இம்மி பிசகினாலும் மறைக்க அதில் கமகம் இல்லை.

மூத்த வித்துவான் ஒருவர் இதைக் கலப்படம் என்றார். மனம் நொந்தது. ஆனால் வயலின் நமக்கு வந்ததே இந்த வழியில்தானே? கர்நாடக இசைக் கலைஞர் பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பிய முறையைப் பயின்று அதை நம் இசைக்குள் கொண்டுவந்தார். அண்ணன் முத்துசுவாமி தீட்சிதரோ ஆங்கிலேய பாண்டு மெட்டுகளுக்குச் சாகித்தியம், அதாவது பாடல் வரிகள், அமைத்தார். நோட்டுசுவரங்கள் எனப்படும் அந்தப் பாடல்கள் எல்லாம் சங்கராபரண ராகம். நமக்கு இன்னும் அருகே, வயலின் கலைஞர்களான எல். சுப்பிரமணியமும் எல். சங்கரும் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த பிள்ளைகள். 1958 கலவரத்தின் பின் குடும்பம் இந்தியா திரும்பியது. சங்கர் பிறகு கிற்றார் கலைஞர் ஜோன் மெக்லாஃப்லின், தபேலா கலைஞர் சாகிர் உசேன் ஆகியோருடன் ‘சக்தி’ குழுவில் வாசித்தார். அந்த வயலின் நம் மண்ணில் பழகியது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

உப்புக்காற்றில் தந்திகள் சீக்கிரம் துருப்பிடிக்கின்றன. வருமானத்தில் ஒரு பங்கு அதற்கே போகிறது. மாரி தொடங்கியதும் விடுதிகள் வெறிச்சோடும். நான் மறுபடி தரையில் அமர்வேன்.

கடந்த வருடம் கோணேசர் கோயிலில் பக்கவாத்தியம். தோடி ஆலாபனையில் என் முறை வந்தது. பஞ்சம சுரத்தை அசைக்காமல், வில்லின் முழு நீளத்துக்கும் இழுத்தேன். பாடிக்கொண்டிருந்த பாடகி திரும்பிப் பார்த்தார். அடுத்த சுற்றில் அவரும் அதே பஞ்சமத்தில் வந்து நின்றார்.