ஃபேட்டி லிவரில் யார் பக்கத்தில் யார்

ஃபேட்டி லிவர் என்றாலே பேச்சு கொழுப்பைச் சுற்றியே போகிறது. ஸ்கேனில் எந்த கிரேடு, எடை எவ்வளவு குறைக்க வேண்டும், இவ்வளவுதான். கல்லீரலின் நோயெதிர்ப்புச் செல்களை ஆராயும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிற எனக்கு, பேச்சு பாதியில் நின்றுவிடுவது போலத் தோன்றும். கல்லீரல் செல்களில் 5 சதவீதத்துக்கு மேல் கொழுப்புத் துளிகள் தெரிந்தாலே இந்தப் பெயர் வந்துவிடுகிறது. ஆனால் இந்தப் பெயர் பெற்றவர்களில் பெரும்பாலானோர், கல்லீரல் முழுக்கத் தழும்பேறி இறுகிப்போகும் சிரோசிஸ் வரை போவதில்லை. சிலருக்கு மட்டும் அழற்சி வருகிறது, அப்புறம் தழும்பு, அப்புறம் சிரோசிஸ். ஏன் இந்தச் சிலருக்கு மட்டும் என்ற கேள்விக்கு மரபணு, சர்க்கரை நோய் என்று பல விடைகள் உண்டு. எங்கள் வேலை, கொழுப்பேறிய செல்லைத் தேடி வருகிற நோயெதிர்ப்புச் செல்களைப் பற்றியது.

ஆரம்பத்தில் நான் செய்ததெல்லாம் எண்ணிக்கை. எலியின் கல்லீரலுக்குள் கொலாஜனேஸ் என்சைமைச் செலுத்தித் திசுவைக் கரைப்போம். மெதுவாகச் சுழற்றினால் பெரிய கல்லீரல் செல்கள் அடியில் தங்கும். மேலே நிற்கும் திரவத்திலிருந்து நோயெதிர்ப்புச் செல்களைப் பிரித்து, ஒளிரும் சாயம் ஒட்டிய ஆன்டிபாடி போட்டு, செல்களை ஒவ்வொன்றாக எண்ணும் ஃப்ளோ சைட்டோமீட்டர் கருவியில் ஓட்டுவோம். கொழுப்பேறிய கல்லீரலில் இது லேசான வேலை இல்லை. கொழுப்பு நிரம்பிய செல்கள் ஒழுங்காக அடியில் தங்காமல் மிதக்கும். மேக்ரோஃபேஜ்கள், அதாவது கழிவையும் கிருமியையும் விழுங்கும் செல்கள், சாயம் இல்லாமலே ஒளிர்ந்து கணக்கைக் குழப்பும். இத்தனையும் தாண்டி ஒரு படம் தெளிவாகவே கிடைக்கும்: நோய் முற்ற முற்ற, கல்லீரலில் பூர்வீகமாக இருக்கும் மேக்ரோஃபேஜ்களான குப்ஃபர் செல்கள் குறைகின்றன, ரத்தத்திலிருந்து வந்த மேக்ரோஃபேஜ்களும், மற்ற செல்களைக் கொல்லக்கூடிய சிடி8 டி செல்களும் கூடுகின்றன.

குப்ஃபர் செல்கள் கருவில் இருக்கும்போதே கல்லீரலுக்கு வந்து குடியேறியவை. அங்கேயே பெருகித் தங்களைப் புதுப்பித்துக்கொள்பவை. கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் போர்ட்டல் சிரை என்ற ரத்தக்குழாய் வழியாக வருகிறது. அதில் வரும் பாக்டீரியாத் துணுக்குகளைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடுவதே இவற்றின் தினசரி வேலை. கொழுப்பின் நச்சு தாங்காமல் இவை இறக்கும்போது, சிசிஎல்2 என்ற ரசாயன அழைப்பைக் கேட்டு எலும்பு மஜ்ஜையில் பிறந்த மோனோசைட்டுகள் என்ற வெள்ளணுக்கள் வந்து காலி இடத்தை நிரப்புகின்றன. சில நாளடைவில் குப்ஃபர் செல் போலவே மாறிவிடும். மற்றவை அழற்சியைத் தூண்டும் தன்மையுடனே இருக்கும், அல்லது ட்ரெம்2 என்ற ஏற்பியைத் தாங்கி இன்னொரு வகையாகும்.

திசுவைக் கரைத்தவுடன் எந்தச் செல் எதன் பக்கத்தில் இருந்தது என்ற தகவல் அழிந்துவிடுகிறது. திசுவைக் கரைக்காமல் மெல்லிய துண்டாக வைத்து, செல்களைப் பல நிறங்களில் ஒளிரவைக்கும் ஃப்ளூரசன்ஸ் ஸ்லைடுகளைப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் இந்த நோய் எனக்குப் பிடிபட்டது. செத்துக்கொண்டிருக்கும், கொழுப்பேறிய ஒரு கல்லீரல் செல்லைச் சுற்றி மேக்ரோஃபேஜ்கள் கிரீடம் போல வளைத்து நிற்கும். அதை ஒட்டியே ஸ்டெல்லேட் செல்கள். இவை சாதாரண நாட்களில் வைட்டமின் ஏ-யைச் சேமித்து வைத்துக்கொண்டு அமைதியாக இருப்பவை. மேக்ரோஃபேஜ் சுரக்கும் டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதம் பட்டதும் குணம் மாறி, கொலாஜனை உற்பத்தி செய்து தழும்பாக்குகின்றன. பதிலுக்கு, மேக்ரோஃபேஜ்கள் பிழைத்திருக்க வேண்டிய சுரப்புகளை ஸ்டெல்லேட் செல்களும் கொடுக்கின்றன. ஒன்றை ஒன்று தாங்கிப் பிடிக்கும் இந்த ஏற்பாடு எந்த எண்ணிக்கைக் கணக்கிலும் தெரியாது. 1876-ல் ஜெர்மானிய உடற்கூறியலாளர் குப்ஃபர் தங்கக் குளோரைடு சாயத்தில் முதலில் பார்த்தது உண்மையில் இந்த ஸ்டெல்லேட் செல்களைத்தான். பிறகு அவரே அவற்றையும் விழுங்கும் செல்களையும் ஒன்றாக எடுத்துக்கொண்டார். 1971-ல் ஜப்பானின் கென்ஜிரோ வாக்கேதான் இரண்டும் வேறு என்று தெளிவுபடுத்தினார்.

டி செல்கள் பற்றி 2021-ல் வெளியான கண்டுபிடிப்பு என்னை மிகவும் பாதித்தது. கொழுப்பு நோயில் பெருகும் ஒரு வகை சிடி8 செல்கள், எதிரியின் அடையாளத்தைக் கூடப் பார்ப்பதில்லை. ஐஎல்-15 என்ற சமிக்ஞைப் புரதமும் சுற்றியுள்ள வளர்சிதை மாற்றப் பொருட்களும் அவற்றை உசுப்பிவிட்டால், பக்கத்தில் இருக்கும் கல்லீரல் செல்லைக் கொன்றுவிடும். கிருமியே இல்லாத இடத்தில் நடக்கும் கொலை இது.

அப்படியானால் இவற்றையெல்லாம் தடுத்துவிட்டால் போதுமா? 2005-ல் எலிகளில் செய்த ஒரு சோதனையை நான் புதிதாக வருபவர்களிடம் எப்போதும் சொல்வேன். காயம் நடந்துகொண்டிருக்கும்போது மேக்ரோஃபேஜ்களை நீக்கினால் தழும்பு குறைந்தது. குணமாகும் கட்டத்தில் நீக்கினால் தழும்பு கரையாமல் நின்றது. கொலாஜனைச் செரிக்கும் என்சைம்கள் அப்போது அந்த மேக்ரோஃபேஜ்களிடமிருந்தே வருகின்றன. ட்ரெம்2 கதையும் ஏறக்குறைய இதே போலத்தான். மனிதத் தழும்பின் ஓரத்தில் ட்ரெம்2 தாங்கிய மேக்ரோஃபேஜ்கள் கூடி நிற்கின்றன. ஆனால் ட்ரெம்2 இல்லாத எலிகளுக்கு நோய் இன்னும் மோசமாகிறது.

மோனோசைட்டுகள் வரும் பாதையை அடைக்கும் செனிக்ரிவிரோக் மருந்தின் மீது எங்கள் துறையே நம்பிக்கை வைத்திருந்தது. இரண்டாம் கட்ட ஆய்வில் ஓராண்டு முடிவில், 20 சதவீத நோயாளிகளுக்கு அழற்சி மோசமாகாமல் தழும்பு ஒரு படியாவது குறைந்திருந்தது; போலி மாத்திரை எடுத்தவர்களில் 10 சதவீதம். மூன்றாம் கட்டத்தில் பலன் தெரியாமல் கைவிடப்பட்டது. அன்று ஆய்வகத்தில் யாருக்கும் பேச்சே வரவில்லை. 2024-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ரெஸ்மெடிரோமும், 2025-ல் இந்த நோய்க்கு அனுமதி பெற்ற செமாக்ளூடைடும் நோயெதிர்ப்புச் செல்களைக் குறிவைத்து உருவானவை அல்ல. கல்லீரலின் கொழுப்புச் சுமை இறங்கும்போது செல்களின் கூட்டமும் கலைகிறது.

எங்களுக்கு இருக்கும் பெரிய தடை பயாப்ஸி, அதாவது ஊசியால் எடுக்கும் கல்லீரல் துண்டு. கல்லீரலில் ஏறத்தாழ ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு, அதுவும் ஒரே ஒரு நாளின் நிலை. தழும்பை ஒட்டி நிற்கும் மேக்ரோஃபேஜ் அதை வளர்க்க வந்ததா, கரைக்க வந்ததா என்று அந்தத் துண்டு சொல்லாது. அதை ரத்தத்திலேயே காட்டக்கூடிய அளவீடுகளைப் பலரும் தேடிக்கொண்டிருக்கிறோம். செல்லிலிருந்து பிரிந்து ரத்தத்தில் கலக்கும் ட்ரெம்2 அவற்றில் ஒன்று. அப்படி ஒன்று கிடைத்தால்தான், எந்த நோயாளியின் மேக்ரோஃபேஜ்களை அடக்க வேண்டும், எவருடையதை வேலை செய்ய விட வேண்டும் என்று மருத்துவர் முடிவெடுக்க முடியும்.