காணாமற்போன எதிருரு

இலங்கையின் வன்னியிலுள்ள முத்தையன்கட்டுக் குளத்தை அண்டிய காட்டோரத்தில், மரபணு ஆய்வுக்காகக் குரங்கின் மலத்தைப் பொறுக்க வந்திருக்கிறோம் என்றதும், வழிகாட்டிய ஐயா நெடுநேரம் சிரித்தார். “தம்பி, அதுகள் குரும்பை பிடுங்கி எறியிறதை நிப்பாட்ட முதலிலை ஒரு வழியைப் பாருங்கோ” என்றார். இலங்கைக்கு மட்டுமே உரிய இந்தக் குரங்கு (மக்காக்கா சினிக்கா), உலகச் செம்பட்டியலில் அழிவபாயத்திலுள்ள இனம் என்று வன்னித் தோட்டக்காரரிடம் சொல்லி நம்பவைப்பது எளிதல்ல. நான் முயலவும் இல்லை.

அனுமதிகள் கிடைத்த பின்னரும், மிதிவெடி அகற்றப்பட்ட பாதைகளை விட்டு விலகுவதில்லை என்ற கட்டுப்பாட்டால், குரங்குக் கூட்டம் இரவு தங்கிய மரங்களில் பாதைக்கு அருகிலிருந்தவற்றின் அடியில் மட்டுமே விடியற்காலையில் தேட முடிந்தது. குடற்சுவரிலிருந்து உரியும் கலங்கள் மலத்தின் மேற்பரப்பில் ஒட்டியிருப்பதால், விலங்கைப் பிடிக்காமலே டி.என்.ஏ.யைப் பெறலாம்; ஆனால் வெயில் ஏறினால் அது சிதைந்துவிடும். மாதிரிகளை ஒரு நாள் எதனோலில் ஊறவைத்து, பின்னர் சிலிக்கா ஜெல்லில் உலர்த்தினோம்.

செலவு குறைவென்பதால் கலத்துக்கு ஆற்றல் தரும் இழைமணியின் டி.என்.ஏ.யை மட்டும் ஆராயலாமென நான் முதலில் எண்ணியது தவறு. அது தாய்வழியே கடத்தப்படுவது. பெண் குரங்குகளோ பிறந்த கூட்டத்திலேயே தங்கிவிடுகின்றன. கூட்டம் மாறும் ஆண்கள் வழியே மரபணுக்கள் பரவுவதை அறிய தாய், தந்தை இருவரிடமிருந்தும் வருகின்ற, குறுந்தொடர்கள் திரும்பத் திரும்ப அமைந்த டி.என்.ஏ. பகுதிகளான மைக்ரோசட்டலைட் குறிப்பான்கள் தேவைப்பட்டன.

உண்மையான சோதனை அங்கேதான் தொடங்கியது. டி.என்.ஏ.யின் ஓரிடத்தில் தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வரும் வடிவங்களே எதிருருக்கள். ஒரு மாதிரி, அத்தகைய ஓரிடத்தில், டி.என்.ஏ.யைப் படியெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். சோதனையின் இரண்டு ஓட்டங்களிலும் ஒரேயொரு எதிருருவையே காட்டியது. மூன்றாவதில் இரண்டாவது எதிருரு வெளிப்பட்டது. டி.என்.ஏ. மிகக் குறைவாக இருக்கும்போது இரண்டில் ஒன்று பெருகாமல் விடுபட்டுப்போகும். முதல் இரண்டு ஓட்டங்களுடன் நிறுத்தியிருந்தால், பெற்றோர் இருவரிடமிருந்தும் ஒரே எதிருரு வந்ததாகக் கொண்டு, காடு துண்டுபட்டதால் இக்கூட்டத்தில் உள்ளினப்பெருக்கம் (உறவுக்குள்ளேயே இனம்பெருகுதல்) மிகுந்துவிட்டதென எழுதியிருப்பேன். அவ்வாறு எழுத வேண்டுமென்ற ஆசையும் எனக்கு இருந்தது. அதன்பின், இரண்டு எதிருருக்களாயின் ஒவ்வொன்றும் குறைந்தது இருமுறை தென்பட வேண்டும், ஒன்றே ஒன்றாயின் ஆறு ஓட்டங்களிலும் அதுவே வர வேண்டும் என்று விதித்துக்கொண்டோம்.

பாலைப்பழக் காலத்து மாதிரிகளில் பெரும்பாலானவை இந்த விதிப்படி தேறவில்லை. பழத்துடன் வரும் தாவரப் பதார்த்தங்கள் பி.சி.ஆர். நொதியத்தை முடக்குவதே காரணமென ஐயுற்று, பழம் ஓய்ந்தபின் அதே மரங்களின் அடிக்கு மீண்டும் போனோம்.