தாயக்கட்டையும் பத்தாம் வகுப்புக் கணக்கும்

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பாடம் புள்ளியியலும் நிகழ்தகவும். கடைசிப் பாடத்தின் கதி எந்த வாத்தியாருக்கும் தெரியும். திருப்புதல் தேர்வு நெருங்கும்போது ஓட்டமாக ஓடி முடிப்போம். எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று அளக்கும் திட்ட விலக்கம்கூடப் பரவாயில்லை. ஊகச் சராசரி முறை, படி விலக்க முறை என்று போட்டுக் காட்டினால் பிள்ளைகள் கட்டம் போட்டு அழகாகச் செய்துவிடுவார்கள். கூட்டல் பிசகாமல் இருந்தால் மார்க் உறுதி.

நிகழ்தகவில்தான் வழுக்கும். சீட்டுக்கட்டை வீட்டுக்குள்ளேயே விடாத குடும்பங்கள் நிறைய. கிளாவர் கறுப்பா சிவப்பா என்றே தெரியாத பிள்ளை, 52 சீட்டில் 26 கறுப்பு, 12 படச்சீட்டு என்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கும். விடை சரியாக வரும், விஷயம் ஏறியிருக்காது. கொஞ்சம் மாற்றிக் கேட்டால், "விழும், இல்ல விழாது. ரெண்டுதானே சார்? அப்போ பாதி" என்று பதில் வரும்.

அதனால் நான் வகுப்புக்குப் பித்தளைத் தாயக்கட்டை கொண்டுபோவேன். ஒவ்வொரு கட்டையிலும் நான்கு பக்கம்: ஒன்று வெறுமை, மற்றவற்றில் 1, 2, 3 புள்ளிகள். இரண்டையும் உருட்டினால் கூறுவெளியில், அதாவது விழக்கூடிய எல்லாவற்றின் பட்டியலில், 16 விளைவுகள். கரும்பலகையில் நாலுக்கு நாலு கட்டம் போட்டு நிரப்பச் சொல்வேன். ஒன்று வெறுமை, மற்றது 1 என்றால் தாயம்; அது இரண்டு கட்டத்தில் வரும். 2 மூன்று கட்டத்தில், 3 நான்கில், 4 மூன்றில், 5 இரண்டில். 6 ஒரே கட்டம். இரண்டும் வெறுமையாக விழுந்தால் 12, அதுவும் ஒரே கட்டம். எல்லா எண்ணுக்கும் ஒரே வாய்ப்பு என்று நினைத்திருந்தவர்கள் இங்கேதான் நிமிர்ந்து உட்காருவார்கள். மூணுதான் அடிக்கடி விழும் என்று பாட்டி சொன்னதற்குக் கணக்கு கிடைத்துவிட்டது.

அப்புறம் பாடம் தானாக நகரும். எங்கள் பக்கம் தாயம், 5, 6, 12 விழுந்தால் மறுபடி உருட்டலாம் (ஊருக்கு ஊர் விதி மாறும், அதற்கே வகுப்பில் ஒரு சண்டை நடக்கும்). இவை ஒன்றையொன்று விலக்கும் நிகழ்ச்சிகள்; ஒன்று விழுந்தால் அதே உருட்டலில் மற்றது விழாது. கூட்டினால் 6/16, அதாவது 3/8. கூட்டல் தேற்றத்தைத் தனியாகப் புகட்ட வேண்டியதில்லை.

எனக்குப் பிடித்த இடம் அடுத்தது. தாயம் விழ வாய்ப்பு 1/8. "அப்போ எட்டு தடவை போட்டா ஒண்ணு கண்டிப்பா விழுமா?" என்று கேட்பேன். முக்கால்வாசிப் பேர் விழும் என்பார்கள். எட்டு முறையும் விழாமல் போக 7/8-ஐ எட்டு முறை பெருக்க வேண்டும், சுமார் 0.34 வரும். மூன்றில் ஒருவருக்கு மேல் தாயம் விழாததால் காய் இறக்காமலே உட்கார்ந்திருப்பார்கள். ஏழு முறை தவறினால் எட்டாவதில் விழுந்தே தீரும் என்பதும் பொய். கட்டைக்கு ஞாபகசக்தி கிடையாது. இது பெரியவர்களுக்கே ஏறாத விஷயம், லாட்டரிக் கடைகள் அதை வைத்துத்தான் பிழைத்தன.

கட்டை முடிந்ததும் புளியங்கொட்டை. ஒரு பக்கத்தைத் தரையில் தேய்த்து வெள்ளையாக்கி உருட்டவிட்டால், குழுவுக்குக் குழு வேறு விகிதம் வரும். கொட்டை ஒரு பக்கம் குண்டு, மறுபக்கம் தேய்ந்தது. வெள்ளை விழப் பாதி வாய்ப்பு என்று உட்கார்ந்த இடத்தில் சொல்ல முடியாது. போட்டுப் பார்த்துக் குறித்தால்தான் தெரியும். ஒன்பதாம் வகுப்பில் படித்த பட்டறி நிகழ்தகவு எதற்கு என்பது அப்போது விளங்கும். குழுக்களின் விகிதங்கள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று பார்க்கத் திட்ட விலக்கமும் வந்து நிற்கும்.

இதில் ஒரு தொல்லையும் உண்டு. தேர்வில் ஒரு பகடை உருட்டப்படுகிறது என்று கேள்வி வந்தால், "அது தேஞ்ச பகடையா இருந்தா என்ன சார் பண்றது?" என்கிறார்கள். சீரானது என்று வைத்துக்கொண்டு எழுது, மார்க்கை வாங்கு என்பேன். வேறென்ன சொல்ல!