தோள்பட்டை நழுவுற ப்ளவுஸும் என் சேனலும்

யூடியூப் சேனல் ஆரம்பிச்சு முதல் எட்டு மாசத்துல எனக்கு வந்த சப்ஸ்கிரைபர் 212 பேர். அதுல பாதிப்பேர் சொந்தக்காரங்க, மீதி என்கிட்ட ப்ளவுஸ் தைக்கக் குடுக்கிறவங்க. தெனமும் ராத்திரி பசங்க தூங்கினதும் போனை எடுத்து அந்த நம்பரைப் பாப்பேன், 211 ஆயிருந்தா யாரு போனாங்கன்னு யோசிச்சுட்டே படுப்பேன், தூக்கம் வராது.

அப்ப நான் போட்டதெல்லாம் இப்ப பாத்தா ஏன் ஓடலன்னு நல்லாவே புரியுது. திங்கக்கிழமை கோலம், புதன்கிழமை தக்காளி தொக்கு, வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போன வீடியோ, நடுவுல எப்பவாவது "ப்ளவுஸ் கட்டிங் பாகம் 1". பதினாலு வருஷமா தையல் மிஷின்ல உக்காந்து கத்துக்கிட்டது ஒண்ணு இருக்க, அத விட்டுட்டு எல்லாரும் போடறதை நானும் போட்டுட்டு இருந்தேன். யாருக்காக போடறேன்னு கேட்டிருந்தா பதில் சொல்லத் தெரிஞ்சிருக்காது.

மாத்தினது ஒரே ஒரு கேள்வி. முகம் தெரியாத ஒருத்தங்க கேட்டிருந்தாங்க, "அக்கா, பின் கழுத்து எறக்கமா வெச்சா தோள்பட்டை நழுவிட்டே இருக்கு, எங்க தப்பு பண்றேன்?"னு. எனக்கு அதுக்கு பதில் கைலயே இருக்கு. கழுத்து எறங்க எறங்க அகலத்தைக் கொறைக்கணும், நெறைய பேர் 6 இன்ச் எறக்கத்துக்கு வெக்கிற அகலத்தையே 10 இன்ச் எறக்கத்துக்கும் வெச்சு வெட்டிடுவாங்க, தோள்ல அரை இன்ச் சாய்வும் குடுக்க மாட்டாங்க, அப்புறம் எப்படி நிக்கும். அவங்களுக்கு எழுதி அனுப்பலாம்னு உக்காந்தேன், எழுத வரல, சரி வெட்டியே காட்டிடலாம்னு ஒரு பழைய லைனிங் துணியை விரிச்சு ஆறு நிமிஷ வீடியோ எடுத்தேன். தலைப்பும் அவங்க கேட்ட வார்த்தையையே வெச்சேன், "தோள்பட்டை நழுவுதா?"ன்னு. மொத வாரம் ஒண்ணும் நடக்கல. மூணாவது மாசம் பாத்தா என் சேனலுக்கு வர்றவங்கள்ல முக்காவாசி பேர் அந்த ஒரு வீடியோவைத் தேடித்தான் வந்திருக்காங்க.

அப்பதான் புரிஞ்சது, "பாகம் 1"னு யாரும் தேட மாட்டாங்க. ராத்திரி பத்து மணிக்கு நாளைக்கு கல்யாணத்துக்குப் போடணும், ப்ளவுஸ் அக்குள்ல சுருங்குது, பிரிச்சு உக்காந்திருக்கிற ஒருத்தி என்ன டைப் பண்ணுவாளோ அதுதான் தலைப்பு. இப்ப ஒரு நோட்டு வெச்சிருக்கேன், என்கிட்ட துணி குடுக்க வர்றவங்க வாய்ல என்ன வார்த்தை வருதோ அதை அப்படியே எழுதி வெச்சுக்குவேன். யாரும் "ஆர்ம்ஹோல் ஃபிட்டிங்"னு சொல்றதில்ல, "கைய தூக்கினா ப்ளவுஸே மேல ஏறுது"ன்னுதான் சொல்றாங்க.

சேனல் கணக்கெல்லாம் காட்டற யூடியூப் ஸ்டூடியோவுல எத்தன பேர் எந்த நொடி வரைக்கும் பாத்தாங்கன்னு ஒரு கோடு வரும் பாருங்க, ஆரம்பத்துல அதைத் தெறக்கவே பயமா இருந்துச்சு. தெறந்து பாத்தா என் வீடியோல மொத நாப்பது செகண்ட்ல பாதிப்பேர் போயிருந்தாங்க, அந்த நாப்பது செகண்ட்ல நான் வணக்கம் சொல்லி, சாப்டீங்களான்னு கேட்டு, லைக் பண்ணுங்கன்னு சொல்லிட்டு இருந்தேன். வந்தவ ப்ளவுஸைப் பிரிச்சு வெச்சுட்டு காத்துட்டு இருக்கா. இப்ப மொத காட்சியே தப்பா நிக்கிற ப்ளவுஸ், அடுத்தது எங்க வெட்டணும்னு சாக்பீஸ் கோடு.

பணம் பத்தி நெறைய பேர் கேக்கறீங்க. விளம்பர காசு வரணும்னா 1,000 சப்ஸ்கிரைபரும், கடைசி 12 மாசத்துல 4,000 மணி நேரம் ஜனங்க பாத்திருக்கறதும் வேணும், ஷார்ட்ஸ்ங்கற குட்டி வீடியோவ அந்த ஃபீட்ல பாக்கறது இந்த மணி நேரக் கணக்குல சேராது, அதுக்கு தனிக் கணக்கு. 4,000 மணி நேரம்னா 2,40,000 நிமிஷம், ஒருத்தர் சராசரியா நாலு நிமிஷம் பாத்தா 60,000 தடவை பாக்கணும். இந்தக் கணக்கை நோட்டுல போட்டு பாத்த அன்னிக்கு மலைப்பா இருந்துச்சு, ஆனா அதுக்கப்புறம் தெனமும் நம்பர் பாக்கறத விட்டுட்டேன், மாசத்துக்கு ஒரு தடவதான். எனக்கு அங்க போய்ச் சேர ரெண்டு வருஷம் ஆச்சு.

நடுவுல ஒரு தப்பு பண்ணேன், இத புதுசா ஆரம்பிக்கறவங்க கவனமா படிங்க. சேலை மடிப்பு வெக்கிற ஷார்ட்ஸ் ஒண்ணு மூணு லட்சம் பேர் பாத்துட்டாங்க, ஒரே வாரத்துல நாலாயிரம் சப்ஸ்கிரைபர், வீட்ல பாயசமே வெச்சோம். அடுத்து வந்த கட்டோரி கட்டிங் (முன்பக்கத்தை கிண்ணம் மாதிரி தனித் துண்டா வெட்டித் தைக்கற ப்ளவுஸ்) வீடியோவ அவங்க யாரும் தொடல. சேலை மடிப்பு பாக்க வந்தவங்களுக்கு கத்தரியும் டேப்பும் எதுக்கு? வழக்கமா வர்றவங்களே "அக்கா இப்பல்லாம் கட்டிங் போடறதில்லையா"ன்னு கேட்டாங்க, அது ரொம்ப வலிச்சது. அதுக்கப்புறம் ஆறு வாரம் ஷார்ட்ஸே போடாம பழைய மாதிரி ஒரு கேள்வி ஒரு வீடியோன்னு போட்டுத்தான் அவங்கள மறுபடி கூட்டிட்டு வந்தேன்.

புதுக்கோட்டை பக்கம் சின்ன வீரமங்கலத்துல இருந்து வர்ற வில்லேஜ் குக்கிங் சேனலை நான் இதுக்காகவே திரும்பத் திரும்பப் பாப்பேன். 2018ல ஆரம்பிச்சாங்க, 2021ல ஒரு கோடி சப்ஸ்கிரைபர். தாத்தாவும் பேரப்பசங்களும் வயல்ல அடுப்பு வெச்சு சமைச்சு ஊர்ல இருக்கறவங்களுக்குப் போடறாங்க, அதை மாத்தவே இல்ல. கூட்டம் சேர்ந்துடுச்சேன்னு வேற எதுக்கோ தாவல. எனக்கு ஒரு கோடி வேண்டாம், ஆனா அந்த உறுதி வேணும்.

இன்னொண்ணும் சொல்லணும், இது சேனல் வளர்ந்தத விட எனக்குப் பெருசு. மொதல்ல டிவி செய்தி வாசிக்கற மாதிரி பேசுவேன், "இப்பொழுது நாம் காணவிருப்பது"ன்னு. என் குரலை நானே கேக்க கூசும். ஒரு நாள் கரண்ட் போற நேரம், அவசரத்துல எங்க ஈரோட்டு பேச்சுலயே, டாட்டுன்னு சொல்ற மடிப்புத் தையலைக் காட்டி "இங்க பாருங்க, இந்த டாட்ட இப்படி புடிச்சுக்கோங்க"ன்னு பேசி முடிச்சு, திருப்பி எடுக்க நேரமில்லாம அப்படியே போட்டேன். கூடப் பொறந்த அக்கா பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுக்கற மாதிரி இருக்குன்னு பாத்தவங்க எழுதினாங்க. பதினாலு வருஷமா வாசல்ல யாராவது வந்தா அளவு மட்டும் எடுத்துட்டு உள்ள போயிடற ஆளு நான். இப்ப தெரியாதத தெரியலன்னு வீடியோலயே சொல்ல வருது. போன மாசம் பேட் வெச்ச பிரின்சஸ் கட் (டாட்டுக்குப் பதிலா நீளத் தையல்ல வடிவம் குடுக்கற ப்ளவுஸ்) கேட்டாங்க, எனக்கு அது சரியா வரல, நாலு ப்ளவுஸ் வீணாக்கி கத்துக்கிட்டு அப்புறம்தான் போட்டேன், வீணானதையும் காட்டினேன்.

மொத கேள்வி கேட்ட அவங்க போன வாரம் மறுபடி எழுதியிருந்தாங்க. இப்ப வீட்டு வாசல்ல போர்டு வெச்சு தெருவுக்கே தைக்கறாங்களாம். அவங்ககிட்ட வந்த ஒரு பாட்டிக்கு ப்ளவுஸ் பின்பக்கம் மேல தூக்கிட்டு நிக்குதாம், கூன் விழுந்த முதுகுக்கு எப்படி வெட்டணும்னு கேட்டிருக்காங்க. எங்க மாமியாருக்கும் முதுகு அப்படித்தான், நாளைக்கு காலைல அவங்களுக்கு அளவெடுத்து ப்ளவுஸ் வெட்டப் போறேன், ஞாயித்துக்கெழம வீடியோ வரும்.